வெட்டிய நாலு வரி

1981ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை பிற்பகல், சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றின் விளம்பரம் பத்திரிகை அலுவலகத்துக்குத் தாமதமாக வந்துசேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளிர் பக்கம் அதற்குள் கட்டி முடிந்திருந்தது. புடவை கட்டிய பெண்ணின் படத்துக்கு இடம் வேண்டுமென்றால், பக்கத்தில் இருந்த மருத்துவச் செய்தி சுருங்க வேண்டும். எத்தனை வரி நீளுகிறது என்று பக்கம் கட்டுகிறவர் பார்த்துச் சொன்னார். நாலு வரி. உதவி ஆசிரியர் அற்புதராஜ் தலையை நிமிர்த்தாமலே, கடைசி நாலு வரியை எடுத்துவிடச் சொன்னான்.

செய்தியைக் கீழிருந்து வெட்டுவது தொழில் வழக்கம். முக்கியமானது மேலே இருக்கும், போகப்போகக் கனம் குறையும். தீ விபத்துக்கும் பேருந்துக் கட்டண உயர்வுக்கும் இந்தக் கணக்கு சரியாக வரும். மருத்துவச் செய்தியில் மட்டும் எச்சரிக்கை கடைசியில்தான் வரும். பதினோரு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அனுப்பியதை அவனே தமிழாக்கியிருந்தான். கொழுப்பு அதிகம் சாப்பிடும் நாடுகளில் மார்பகப் புற்றுநோய் அதிகமாக இருக்கிறது, ஜப்பானில் குறைவாக இருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள் என்பது செய்தி. வெட்டுப்பட்ட நாலு வரி இது: ‘நோய் வந்தபின் உணவை மாற்றுவதால் பலன் உண்டா என்பது இன்னும் தெரியவில்லை. சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.’

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், தோ பாயோ வீட்டில் அவனுடைய அக்கா ரோசம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துவைத்தாள். எந்தச் செய்தியிலும் அவன் பெயர் வருவதில்லை. ஆனாலும் எது தம்பி எழுதியது என்று வாரம் தவறாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு வெட்டி வைப்பாள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பிள்ளைகள் இல்லை. கணவர் மரியஅந்தோணி செம்பவாங் கப்பல்பட்டறையில் ஸ்டோர்கீப்பர். சீட்டில் எழுதி மேலதிகாரி கையெழுத்துப் போடாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே கொடுக்காதவர் என்று பட்டறையில் அவருக்கு நல்ல பெயர் உண்டு.

அடுத்த பிப்ரவரியில், குளிக்கும்போது ரோசம்மாவின் கைக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மார்ச் இரண்டாம் வாரம் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் ஐந்து வாரம் கதிர்வீச்சு, அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஊசி என்று டாக்டர் சொன்னார். நோய் அக்குளுக்குப் பரவியிருந்ததால் ஊசியை விடாமல் போட்டுக்கொள்வதுதான் முக்கியம் என்றும் சொன்னார்.

அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். மரியஅந்தோணியின் அக்கா பிலோமினம்மாள் வீட்டுக்கு வந்து தங்கினாள். கணவரை இழந்தவள், கோயிலில் மாதா சபைக்குத் தலைவி, நோயாளி இருக்கும் வீடுகளுக்கு ஜெபமாலையோடு போவது அவளுக்கு வழக்கம். மரியஅந்தோணி அவளிடம் அந்தப் பத்திரிகைத் துண்டை வாசித்துக் காட்டினார்.

“கொழுப்புதான் காரணமாம்க்கா. எண்ணெய், இறைச்சி, வெண்ணெய். நம்ம வீட்ல இதுக்கு என்ன குறைச்சல்?”

பிலோமினம்மாளுக்கு வழி உடனே தெரிந்துவிட்டது. தவக்காலத்தில் இறைச்சி தொடாமல் இருப்பதற்கு அவர்கள் சுத்தபோசனம் என்பார்கள். நாற்பது நாளோடு அதை முடிக்காமல், கடைசி ஊசி போடும் வரைக்கும் நீட்டி மாதாவுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்றாள். பத்திரிகை சொல்வதைத்தான் திருச்சபை எப்போதோ சொல்லியிருக்கிறது என்பது அவள் கட்சி. இறைச்சியைத் திருச்சபை நிறுத்தியது. எண்ணெய், தேங்காய், பால், முட்டை நான்கையும் பத்திரிகையின் பெயரால் மரியஅந்தோணி நிறுத்தினார். மீனைக் கடைசியாக நிறுத்தினார்கள், ஜாக்கிரதைக்காக.

ரோசம்மா அப்போது சிரித்தாள்.

“ஜப்பான்காரி மாதிரி ஆகணும்னா மீனைல்ல திங்கணும்? அவ மூணு வேளையும் மீன் திங்கிறா. எனக்கு அதையும் புடுங்கிட்டு ஜப்பான்காரியா ஆகுன்னா எப்படிலா?”

வடித்த சோறு, அவித்த பீர்க்கங்காய், உப்புக் குறைத்த ரசம் என்று அவளுடைய தட்டு தீர்மானமானது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஒரு தாள் கொடுத்தாள். நாளைக்கு இரண்டு முட்டை, பால், மீன் அல்லது கோழி என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மரியஅந்தோணி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அது வெள்ளைக்காரர்களின் சாப்பாடு, அவர்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் என்று பேப்பரே சொல்கிறது என்றார்.

ஈஸ்டர் அன்று அற்புதராஜ் அக்கா வீட்டுக்குப் போனான். வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டிறைச்சி பிரியாணி. சமைத்தது ரோசம்மாதான், ஒரு கையை முழுதாகத் தூக்க முடியாத நிலையில். உப்பு பார்க்கக்கூட அவள் வாயில் வைக்கவில்லை. பிலோமினம்மாள்தான் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சாப்பிடும்போது ரோசம்மா தன் பீர்க்கங்காயோடு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. என்ன அக்கா இது என்று அவன் கேட்டதற்கு அவள் சாப்பாட்டு மேசையைக் காட்டினாள். “உன் புண்ணியம்தான் தம்பி.”

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தச் செய்தி இருந்தது. முதலில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது. அது வந்ததைப் பிறகு அவன் தனக்கே மன்னிக்கவில்லை. செய்தி முடிகிற இடத்தில் புடவைக்காரப் பெண்ணின் படத்தின் மேல்விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

கை கழுவிவிட்டு வந்த மரியஅந்தோணியிடம், இதில் கடைசி நாலு வரி இல்லை என்றான்.

“எங்க போச்சு?”

“நான்தான் எடுத்தேன் அத்தான். விளம்பரம் வந்திச்சு, எடம் பத்தல.”

அதில் என்ன இருந்தது என்று சொன்னான். மரியஅந்தோணி பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை.

“முக்கியம்னா எடுத்திருப்பீங்களா மச்சான்?”

மரியஅந்தோணி அவன் தோளைத் தட்டிவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போனார்.

கதிர்வீச்சு மே கடைசியில் முடிந்தது. ஜூனில் முதல் ஊசி. இரண்டாவது ஊசிக்குப் போனபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் போதவில்லை, எடையும் குறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் போனார்கள். மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தைந்துக்கு வந்திருந்தாள். மருந்தே அணுக்களைக் குறைக்கும், ஆனால் இவர் சாப்பிடாமலும் இருக்கிறார், இப்படியே போனால் முழு மருந்தையும் கொடுக்க முடியாது என்று டாக்டர் மரியஅந்தோணியிடம் நேராகவே சொன்னார். டாக்டர் மருந்துப் பக்கம் மட்டும்தான் பார்ப்பார் என்று மரியஅந்தோணி வெளியே வந்து சொன்னார்.

மாதாவுக்கு நேர்ந்த நேர்த்தியை உடைக்காமல் சாப்பாடு நடக்காது என்று அற்புதராஜ் நினைத்தான். ஆகவே ஜூலையில் ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தான். சாமியார் முழுக்கக் கேட்டார். நோயாளிக்குத் தவக்காலத்திலேயே சுத்தபோசனம் கடமை இல்லை, ஆண்டவர் யாரையும் பட்டினி போடச் சொல்லவில்லை, அந்த நேர்த்தியை நானே தளர்த்துகிறேன் என்றார். மறுநாள் பூசைக்குப் பிறகு மரியஅந்தோணியையும் பிலோமினம்மாளையும் கூப்பிட்டுச் சொல்லவும் செய்தார். பிலோமினம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சாமியார் வார்த்தைக்குத் தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் வீட்டில் மரியஅந்தோணி சொன்னார், “இறைச்சிய சாமியார் விட்டுட்டாரு. சரி. கொழுப்ப அவரு எப்படி விட முடியும்? அது பேப்பர்ல வந்ததாச்சே.”

மறுநாள் அற்புதராஜ் ஆசிரியர் தனசேகரனிடம் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டான். தனசேகரன் பழைய இதழை எடுத்துவரச் சொல்லி முழுவதும் படித்தார்.

“இதுல என்னப்பா தப்பு?”

தப்பு எதுவும் இல்லை, விட்டுப்போனது இருக்கிறது என்றான். வெட்டியதற்கெல்லாம் திருத்தம் போடத் தொடங்கினால் தினமும் இரண்டு பக்கம் அதற்கே போய்விடும் என்றார் தனசேகரன். வேண்டுமானால் பிறகு ஒரு நாள் புற்றுநோய் பற்றிப் பெரிய கட்டுரையாகவே போடலாம் என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

கிடங்கு அறையில் வெளியிலிருந்து வந்த செய்திகளின் பழைய தாள்களைக் கட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு பிற்பகல் தேடியதில் செய்தி நிறுவனம் அனுப்பிய மூலத்தாள் கிடைத்தது, ஓரம் கிழிந்து. அற்புதராஜ் அதை எடுத்துக்கொண்டு தோ பாயோ போனான். கடைசிப் பத்தியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தான். மரியஅந்தோணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தை வரிவரியாகப் படித்தார். பிறகு தாளை மேசைமேல், கண்ணாடிக்கு அடியில் இருந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“எங்க பட்டறைலயும் இப்படித்தான் மச்சான். வந்து எறங்குற சரக்கு வேற, பாஸ் ஆகுற சரக்கு வேற. பாஸ் ஆனதத்தான் நான் உள்ள வைப்பேன். இது வந்த சரக்கு. அது பாஸ் ஆன சரக்கு.”

“பாஸ் பண்ணது நான்தான் அத்தான்.”

“அப்ப சரியாத்தான் பண்ணியிருப்பீங்க. இப்பதான் அக்கா பாசம் கண்ண மறைக்குது.”

இது கேலி இல்லை. அவர் உண்மையிலேயே நம்பினார். மனைவி பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தானும் மார்ச் மாதத்திலிருந்து இறைச்சி தொடாதவர். வேலைக்குப் போகுமுன் காலை ஐந்து மணிக்கு எழுந்து அவளுடைய பீர்க்கங்காயை அவரே அவித்து வைத்தார். இந்த மனிதரை வெறுக்க முடிந்திருந்தால் அற்புதராஜுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பேச்சில் ஆகாதது சூப்பில் ஆனது. ஆகஸ்டில், பிலோமினம்மாள் தன் மகள் வீட்டுக்குத் திரும்பிப்போன பிறகு, அற்புதராஜ் காலை பத்து மணிக்குத் தேக்கா சந்தைக்குப் போக ஆரம்பித்தான். அப்துல் மஜீது கடையில் ஆட்டெலும்புக் கம்பிங் சூப் பிளாஸ்க்கில் நிறையும். நோயாளிக்கு என்று தெரிந்ததும் மஜீது மிளகைக் குறைத்து, எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தார். மத்தியானம் வேலை தொடங்குமுன் அவன் அதைத் தோ பாயோவுக்குக் கொண்டுபோய்விடுவான்.

முதல் நாள் ரோசம்மா பிளாஸ்க்கை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடினாள்.

“சாமியார் விட்டுட்டார்க்கா,” என்றான் அவன்.

“சாமியார் விட்டாரு. உங்க அத்தான் விடலையே.”

“அவரு ஆறு மணிக்குத்தான வருவாரு.”

அவள் குடித்தாள். பாதியில் நிறுத்தி, ரொட்டி இருந்தால் தொட்டுக்கலாம் என்றாள். அடுத்த நாள் அவன் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுபோனான். சாப்பிட்டு முடித்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஏலக்காயை மென்றுகொண்டு, கள்ள பீடி குடிக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறேன் என்று சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவன் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஒரு மாதத்தில் மூன்று கிலோ ஏறியது. ஊசிகள் தவறாமல் நடந்தன. ஒவ்வொரு தடவையும் ரத்தம் சரியாக இருந்தது. மரியஅந்தோணி துண்டுச் செய்தியைப் புதிய கண்ணாடித் தாளில் சுற்றி வைத்தார். பத்தியம் வேலை செய்கிறது என்று பட்டறையில் எல்லோரிடமும் சொன்னார். சாமியார் தளர்த்திய நேர்த்தியைத் தானே ரகசியமாகத் தொடர்ந்ததாகவும், அதனால் மாதா மனமிறங்கியதாகவும் பிலோமினம்மாள் கோயிலில் நன்றிப் பூசை வைத்தாள். அற்புதராஜும் அந்தப் பூசைக்குப் போய் முழங்காலில் நின்றான். உண்மையைச் சொன்னால் சூப் நின்றுவிடும்.

1983 ஜனவரியில் கடைசி ஊசி முடிந்தது. மே மாதம் ரோசம்மாவுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. தூக்கக் கூடாததைத் தூக்கியிருப்பாள் என்றார்கள். படம் எடுத்துப் பார்த்தபோது நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் மரியஅந்தோணியிடம் சூப் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். யாரும் கேட்கவில்லை. தானாகவே சொன்னாள். மறுநாள் அற்புதராஜ் போனபோது மரியஅந்தோணி வேலைக்குப் போகாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அடியில் அந்தத் துண்டு அப்படியே இருந்தது.

“நீங்களே எழுதினீங்க,” என்றார். “நீங்களே ஊத்தினீங்க.”

அதற்குப் பிறகு அவர் அவனிடம் பேசவில்லை.

அற்புதராஜ் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைத் தனியாகப் பார்த்தான். இரண்டு கேள்விகள் கேட்டான். சூப்பினால் வந்ததா? இல்லை என்றார் டாக்டர், தயங்காமல். ஆரம்பத்திலிருந்தே நன்றாகச் சாப்பிட்டு, ஊசி தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் வந்திருக்காதா? டாக்டர் இந்தக் கேள்விக்கு நேரம் எடுத்துக்கொண்டார். அக்குளில் அவ்வளவு பரவியிருந்த நோய் எது செய்தாலும் திரும்பியிருக்கலாம். திரும்பாமலும் இருந்திருக்கலாம். “தெரியாது” என்றார். அற்புதராஜ் மொழிபெயர்த்த எத்தனையோ செய்திகளில் அந்தச் சொல் கடைசிப் பத்தியில் வந்திருக்கிறது.

ஜூலையில் ரோசம்மா படுத்த படுக்கையானாள். மரியஅந்தோணி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்துவிடுவாள். அற்புதராஜ் டாக்டர் சொன்னதை ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தச் சூப்ப குடிச்சிருக்கக் கூடாது தம்பி.”

“அக்கா, சூப்புதான் உனக்குத் தெம்பு கொடுத்துச்சு. டாக்டரே சொல்றாரு.”

“தெம்பு கொடுத்துச்சு. எனக்கா, அதுக்கான்னு யாருக்குத் தெரியும்?”

அவன் பிளாஸ்க்கைக் கொண்டுவந்திருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தபோது வாசனை வந்ததும் அவள் கண்ணில் நீர் வந்தது. அது ஆசையா, பயமா என்று அவனுக்குத் தெரியவில்லை. வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று கையசைத்தாள். ஆசைப்பட்டதைச் சாப்பிடலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட கடைசி ஆறு வாரமும் அவள் அவித்த பீர்க்கங்காயும் சோறும் மட்டும் சாப்பிட்டாள். அதையும் தானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்டு இருபதாம் தேதி இறந்தாள். சுவா சூ காங்கில் அடக்கம். பத்து மாதம் நன்றாக இருந்தவள் நாக்கை அடக்க முடியாமல் கெட்டுப்போனாள் என்று கல்லறையிலிருந்து திரும்பும் பேருந்தில் மாதா சபைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அற்புதராஜ் முன்னிருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். இரங்கல் விளம்பரத்தை அவனே பக்கத்தில் வைத்தான். அதில் ஒரு வரியும் குறையவில்லை.

நவம்பரில், இறந்தவர்களுக்கான பூசை முடிந்து மண்டபத்தில் காப்பி கொடுத்தார்கள். அறிவிப்புப் பலகையில் அந்தச் செய்தியின் நகல் இருந்தது. பிலோமினம்மாளின் சபை ஒட்டியிருந்தது. பெரிதாக்கி நகலெடுத்ததால் எழுத்துகள் தடித்திருந்தன. மேலே நீல மையில் ‘நம் சகோதரிகளின் கவனத்துக்கு’ என்று எழுதியிருந்தார்கள். செய்திக்குக் கீழே ஒரு சாண் வெள்ளை இடம்.

அற்புதராஜ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த இடத்தில் நாலு வரியையும் எழுதினான். பலகை உயரத்தில் இருந்ததால் கையெழுத்து சாய்ந்தது. எழுதி முடித்துத் திரும்பியபோது பின்னால் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் பேனாவும் பூசைத் தாளும் இருந்தன. இன்னொரு கையைச் சேலைக்குள் மார்போடு அணைத்து வைத்திருந்தாள். கையை அந்த மாதிரி வைத்துக்கொள்வதை அவன் அக்காவிடம் ஒரு வருஷம் பார்த்திருக்கிறான்.

“இது நீங்க எழுதினதா சார்?”

“ஆமாம்மா. இதுவும் அந்தச் செய்தில உள்ளதுதான். இதத்தான் முக்கியமாப் படிக்கணும்.”

அவள் நெருங்கி வந்து படித்தாள். உதடு அசைந்தது. முடித்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை படித்தாள்.

“இது பேப்பர்ல வந்துச்சா சார்?”

அற்புதராஜ் பேனாவை மூடினான்.

“இல்ல.”

அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். பிறகு பூசைத் தாளை அணைத்திருந்த கையின்மேல் வைத்துக்கொண்டு, செய்தியைத் தலைப்பிலிருந்து பார்த்து எழுத ஆரம்பித்தாள். அவன் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு நின்றான். அச்சு முடிகிற இடம் வந்ததும் அவள் புள்ளி வைத்து, தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.